பதினோரு இடங்களில் நின்ற மோட்டார்

கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒரு சனிக்கிழமை காலை மூன்று சாக்குகளில் மோட்டார்கள் திரும்பி வந்தன. மொத்தம் பதினான்கு. எலக்ட்ரிக் சைக்கிளின் பின்சக்கர நடுவில் உட்காரும் ஹப் மோட்டார்கள், நாங்களே செய்து அனுப்பியவை. ஒன்றைக் கழற்றினேன். காந்தங்களின் ஓரமெல்லாம் துரு. சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று உணர்ந்து சொல்லும் ஹால் சென்சார் பலகையின் கால்களில் பச்சை பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் டெஸ்டிங்கில் பத்தொன்பது வருடம் இருந்தவன் மீட்டருக்கு முன்னால் மூக்கையும் நாக்கையும்தான் நம்புவான். கரித்தது.

இதற்கு முந்தைய தவணையில் வந்த ஐந்து மோட்டார்களுக்கு நான் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தேன். வாரண்டிப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில், ‘பயன்படுத்தியவரின் கவனக்குறைவு, தண்ணீர் பீய்ச்சிக் கழுவியது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். வாங்கியவர்கள் புதுச்சேரியில் எலக்ட்ரிக் சைக்கிளில் சுற்றுலாப் பயணிகளை அழைத்துக்கொண்டு ஊர் காட்டுகிறவர்கள். நாங்கள் தண்ணீர் பீய்ச்சவே இல்லை என்று அவர்கள் சொன்னதை நான் நம்பவில்லை. வாரண்டி கேட்கிறவர் வேறு என்ன சொல்வார்?

முதலாளி சாக்குகளைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். “ஏனுங்க, இங்கே உட்கார்ந்து எழுதுவதைவிட நீங்களே ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்களேன். யாரென்று சொல்லிக்கொள்ள வேண்டாம். டிக்கெட் வாங்கி, ஆளோடு ஆளாகச் சுற்றிவிட்டு வாருங்கள்” என்றார். எங்கள் பக்கத்தில் கடிந்துகொள்வதும் இப்படித்தான், மரியாதை குறையாமல். அன்று ராத்திரியே பஸ் ஏறினேன்.

அந்தப் படிவத்தில் நான் அப்படி எழுதியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் ஊரில் மோட்டார் என்றால் ஓடிக்கொண்டே இருப்பது. நீலகிரியில் இருக்கும் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து 1930களில் மின்சாரம் இறங்கி வந்த பிறகு, பஞ்சாலைகள் மூன்று ஷிப்டாக ஓடின. தோட்டங்களில் கவலை கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த மாடுகளின் இடத்துக்கு மோட்டார் வந்தது. 1937இல் இந்தியாவின் முதல் மோட்டாரைக் கோயம்புத்தூரில் செய்ததாக ஜி.டி. நாயுடுவையும் டி. பாலசுந்தரம் நாயுடுவையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் பரம்பரையில்தான் நாங்களும் வருகிறோம். அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் மும்முனை கரண்ட் நடுச்சாமத்தில் வரும். அப்பா எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து கயிற்றுக்கட்டிலில் படுப்பார். தூக்கத்திலும் ஒரு காது கிணற்று மேட்டில்தான் இருக்கும். சத்தம் நின்றால் எழுந்துவிடுவார். நின்ற மோட்டார் என்றால் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள், எரிந்துபோன மோட்டார். அதற்கு அவர் அகராதியில் வேறு பொருள் இல்லை.

எங்கள் டெஸ்ட் பெஞ்சும் அப்பாவின் காதைப் போலத்தான் இருந்தது. முழு லோடு கொடுத்து இரண்டு மணி நேரம் ஓட்டுவோம். சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்போம். அளவுக்குள் இருந்தால் பச்சை ஸ்டிக்கர். சட்டத்தின் கணக்கும் ஏறக்குறைய இதே புத்திதான். எலக்ட்ரிக் சைக்கிளைப் பதிவும் லைசென்சும் இல்லாமல் ஓட்டுவதற்கு, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். முப்பது நிமிடம் ஓடுகிற திறனை அளக்கிறார்கள். நின்று நின்று போகிற திறன் என்று ஒன்றை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காலை ஆறரை மணிக்குப் புதுச்சேரியில் ஆறு பேர் கூடியிருந்தோம். வழிகாட்டி முத்தியால்பேட்டையைச் சேர்ந்த இளம்பெண், வரலாறு படித்தவர். பிரேக், பெல் எல்லாம் காட்டிவிட்டு அவர் சொன்ன ஒரு விஷயத்தில் நான் நிமிர்ந்தேன்.

“நின்ற இடத்திலிருந்து அப்படியே த்ராட்டிலைத் திருகாதீர்கள். முதலில் இரண்டு மிதி மிதித்து, வண்டி நகர்ந்த பிறகு திருகுங்கள்.”

“யார் சொல்லிக்கொடுத்தார்கள்?” என்று கேட்டேன்.

“மோட்டார்தான் சார். திருகினால் முனகும்.”

எங்கள் கையேட்டில் இது இல்லை. இருந்திருக்க வேண்டும். சக்கரம் சுற்றாமல் நிற்கும்போது கொடுக்கிற கரண்ட் உந்துவிசையாக மாறுவதற்கு முன்னால் காயிலில் சூடாகத்தான் போகிறது. கரண்ட் இரண்டு மடங்கானால் அந்தச் சூடு நான்கு மடங்கு. பாலிடெக்னிக்கில் முதல் வருடமே படித்த பாடம். மோட்டாரின் முனகலிலிருந்து ஒரு வரலாற்று மாணவி அதைக் கண்டுபிடித்திருந்தார்.

கிளம்பினோம். கிளம்பினோம் என்று சொல்வதே அதிகம். முந்நூறு மீட்டர் போவதற்குள் நின்றுவிட்டோம்.

கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடுவதில்லை என்பதால், உள்வீதியில் சைக்கிள்களை நிறுத்திவிட்டுக் காந்தி சிலை வரை நடந்தோம். பக்கத்தில் 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். அங்கே நின்றுகொண்டு அவர் கடலைப் பற்றிச் சொன்னார். இந்த இடத்தில் ஒரு காலத்தில் அகலமான மணல் கரை இருந்தது. 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகம் கட்டினார்கள். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தத் தடுப்பில் தேங்கிவிட்டது. வடக்கே இருந்த கரையை அலை தின்றது. சாலையைக் காப்பாற்ற ஓரம் முழுக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். பிற்பாடு கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு வைத்துக் கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணலில் ஏறுகிற அலை படுத்துக்கொள்கிறது. பாறையில் மோதுகிற அலை சிதறுகிறது. அந்தச் சிதறல் காற்றோடு வந்து என் கண்ணாடியில் பொடிப்பொடியாக உட்கார்ந்தது. கைக்குட்டையால் துடைத்தால் பிசுக்காக இழுபட்டது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவியது என்று எழுதியிருந்தேன் அல்லவா? பீய்ச்சியது வங்காள விரிகுடா.

அதற்கப்புறம் நான் ஊரைப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன். துய்மா வீதி, ரோமன் ரோலன் வீதி, மணக்குள விநாயகர் கோயில், பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வெள்ளை நகரத்தையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்கால், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, பாரதி குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு. 1908இல் வந்த பாரதி பத்து வருடம் இந்த ஊரில் இருந்தார் என்று வழிகாட்டி சொல்லும்போது மட்டும் கடிகாரத்தை விட்டு நிமிர்ந்தேன். மொத்தம் பதினோரு நிறுத்தங்கள். இரண்டரை மணி நேர டூரில் சக்கரம் சுற்றியது முப்பத்தெட்டு நிமிடம். மீதி நேரமெல்லாம் மோட்டார் சும்மா நின்றது.

சும்மாவா நின்றது? பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துக்கு முன்னால்தான் எனக்கு அது பிடிபட்டது. வந்து நின்றதும் பழக்கதோஷத்தில் ஹப்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். நல்ல சூடு. எனக்கு முன்னால் வந்துகொண்டிருந்த கனத்த உடம்புக்காரர் ஒருவர் ஒவ்வொரு முறையும் மிதிக்காமல் திருகித்தான் கிளம்பினார்; அவர் வண்டியைத் தொட்டால் கையை எடுக்கும்படி இருந்தது. கால் மணி நேரம் கழித்து மறுபடி தொட்டேன். கடற்காற்றில் ஆறியிருந்தது. சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும். ஆறினால் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இழுப்பதற்கு வழியும் இருக்கிறது: அச்சின் துளை வழியாக ஒயர் நுழைகிற இடம். அதாவது ஒவ்வொரு நிறுத்தத்திலும் மோட்டார் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கணபதியில் அது வாங்குவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. இங்கே உப்பு கலந்த ஈரம். இரண்டு மணி நேரம் விடாமல் ஓடுகிற என் பெஞ்சில் மோட்டார் ஒரே ஒரு மூச்சுத்தான் விடும், அதுவும் நான் ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு.

அந்த மண்டபம் தண்ணீருக்காகக் கட்டியது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்தரையர்பாளையத்துக் குளத்திலிருந்து வெள்ளை நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுப்பியது என்று வழிகாட்டி விளக்கினார். கோயம்புத்தூர்க்காரனுக்குத் தண்ணீர் என்றாலே அடுத்த கேள்வி தயாராக இருக்கும். “எத்தனை எச்.பி. மோட்டார் போட்டார்களுங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “மோட்டார் ஏது சார் அப்போது? சரிவில் தானாகவே வந்தது.” பிறகு என் கை இருந்த இடத்தைப் பார்த்தார். “நீங்கள் கோயம்புத்தூரா? மோட்டார் கம்பெனி ஆளா?”

இதற்கு மேல் மறைப்பதில் அர்த்தமில்லை. ஆமாம் என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கிளம்பும்போது முனகுகிற வண்டி எது, மழைக்காலத்தில் முதலில் படுக்கிற வண்டி எது என்று எண் வாரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எங்கள் பட்டறைப் பதிவேட்டில் இல்லாத கணக்கெல்லாம் அவர் தலையில் இருந்தது.

“இவ்வளவு இடத்தில் நிறுத்தத்தான் வேண்டுமா?” என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான். மோட்டாருக்காகக் கேட்டேன்.

“ஓடும்போது நான் சொல்வது எதுவும் யார் காதிலும் விழாது சார். நிற்கிற இடம்தான் டூர். காசு கொடுப்பதும் அதற்குத்தான்” என்றார்.

எந்த மரத்து நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும், கூட்டத்தில் யாருக்கு மூச்சு இரைக்கிறது, யாருடைய பேட்டரியில் எத்தனை கோடு மிச்சம் என்று பேசிக்கொண்டே அவர் கவனித்ததை அதன் பிறகுதான் கவனித்தேன். இரண்டு இடங்களில் கதையைச் சுருக்கினார், ஓரிடத்தில் வேண்டுமென்றே நீட்டினார். முன்னே போய் வழி காட்டுவதுதான் அந்த வேலை என்று நினைத்திருந்தேன். அவர் பெரும்பாலும் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டூர் முடிந்ததும் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஒரு பையன் வாளியில் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு, துணியை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு சைக்கிளையும் துடைத்துக்கொண்டிருந்தான். ஹோஸ் பைப்பே அங்கே இல்லை. என் கையெழுத்துப் போட்ட படிவம் அவர்கள் மேஜையில் ஏதோ ஒரு கோப்பில் இருந்திருக்கும். அதை எழுதியவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த பிறகு நடந்ததில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சென்சார் பலகையை எபாக்சி பிசினில் மூடினோம். ஒயர் நுழையும் இடத்தில் சிலிகான் உறை. ஒயரை அச்சுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே கொண்டுபோகச் சொன்னோம், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். திருகாணிகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறின. ஐந்து சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் தூவிப் பார்க்கிற சோதனைக்கு வெளி லேபில் பணம் கட்டினோம். ஏற்றுமதி செய்கிறவர்களுக்குத்தான் அதெல்லாம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தோம், கோயம்புத்தூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஏதோ ஒரே காற்று வீசுவதைப் போல. பழைய பதினான்கையும் கட்டணம் இல்லாமல் மாற்றிக்கொடுக்க முதலாளி ஒப்புக்கொண்டார். முந்தைய ஐந்தையும் சேர்க்கச் சொன்னேன். படிவத்தில் அந்தக் காரணத்தையே எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். “இருக்கட்டுமுங்க, நிஜமாகவே பீய்ச்சுகிறவர்களும் இருப்பார்கள்” என்றார். கட்டம் இன்னும் இருக்கிறது.

பெஞ்சில் மட்டும் ஒரு டைமர் புதிதாக உட்கார்ந்திருக்கிறது. மூன்று நிமிடம் ஓட்டும், பத்து நிமிடம் நிறுத்தும். நின்ற நிலையிலிருந்து முழு லோடில் கிளப்பும். இப்படிப் பதினோரு முறை. ஒரு மோட்டார் பாஸாகி வெளியே வருவதற்கு முன்பைவிட நேரம் பிடிக்கிறது என்று புரொடக்ஷனில் முணுமுணுப்பு. அப்பா ஒருமுறை பட்டறைக்கு வந்தவர், சக்கரம் நின்றதும் திடுக்கிட்டு எழுந்தார்.

பக்கத்து மேஜையில் காயில் சுற்றும் அக்காவுக்கு இது விளையாட்டாகிவிட்டது. முந்தாநாள் சக்கரம் நின்றதும் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், “இப்போது எந்தத் தெருவில் நிற்கிறதுங்க?” என்றார்.

எண்ணிப் பார்த்தேன். “ஆயி மண்டபம்.”

“யாருங்க அந்த ஆயி?”

டைமரில் பத்து நிமிடம் இருந்தது. ராஜா ஒருவர் அந்தி நேரத்தில் ஒரு மாளிகையின் விளக்கொளியைப் பார்த்துக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். நானே இடித்துக்கொள்கிறேன் என்று அவள் அவகாசம் கேட்டாளாம். அக்கா நடுநடுவே நூறு கேள்வி கேட்டார். வீட்டில் யார் யார் இருந்தார்கள், ராஜாவுக்கு யார் காட்டிக்கொடுத்தது என்று. அவள் முதல் செங்கல்லைப் பெயர்க்கும்போது டைமர் தட்டியது. சக்கரம் முனகிக் கிளம்பியது.

“சரிங்க, மீதியை அடுத்த ஸ்டாப்பில் சொல்லுங்கள்” என்று அக்கா காயிலுக்குத் திரும்பினார்.