நாட் ரெடி

5 பிப்ரவரி 2025, புதன்

சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து பட்டறை திறந்தாச்சு. லேத்துகள் எழுந்துவிட்டன, சின்ன மில்லிங் எழுந்துவிட்டது. பெரியது, கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங், எழவில்லை. ஆன் பட்டனை அழுத்தினால் காற்றாடி மட்டும் சுற்றுகிறது. திரை கறுப்பு. கதவைத் திறந்து பார்த்தால் பவர் யூனிட்டில் பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பும் எரிகிறது.

முதலாளி தவுக்கே வந்து நின்று பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

6 பிப்ரவரி

தூக்கம் இல்லை. பெருநாளின் ஒன்பதாம் நாள் பூசை, எதிர்வீட்டு ஹொக்கியன்காரர் வாசலில் கரும்பு கட்டி நள்ளிரவு தாண்டியும் வேட்டு போட்டார்கள்.

ஃப்யூஸ் நான்கும் நன்றாக இருக்கின்றன. அதுதான் கவலை. ஃப்யூஸ் போயிருந்தால் அரை மணி நேர வேலை. ஃப்யூஸ் நன்றாக இருந்து சிவப்பும் எரிந்தால் இரண்டில் ஒன்று: வெளியே எங்கோ ஷார்ட், அல்லது யூனிட்டே நோயாளி. வெளியே என்பதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அச்சுகளின் எல்லையை உணரும் லிமிட் ஸ்விட்சுகளுக்குப் போகும் 24 வோல்ட் ஒயர்கள் 1990-லிருந்து கூலன்டில் ஊறிக் கிடக்கின்றன, எலி வேறு. மெயினை அணைத்து, காத்திருந்து, ஒரு பிளக்கைக் கழற்றி, மறுபடி போட்டு. அப்புறம் அடுத்தது. கடைசியில் திரைக்குப் போவதையும் கழற்றினேன். எதுவும் மாட்டாமலே சிவப்பு எரிகிறது.

ஆக, வெளியே இல்லை. உள்ளே.

வலது கண்ணில் அதே பனி. டயலில் 5-க்கும் 6-க்கும் வித்தியாசம் தெரியவில்லை, டிஜிட்டல் மீட்டரை எடுத்து வந்தேன்.

7 பிப்ரவரி, வெள்ளி

வீட்டிலிருந்து ஹேர் டிரையரைக் கொண்டுபோனேன். வங்காளதேசத்துப் பையன் சிரித்தான். பவர் யூனிட்டின் மேல் கொஞ்ச நேரம் சூடு காட்டிவிட்டு ஆன் போட்டேன். பச்சை மட்டும் எரிந்தது! திரையில் பச்சை எழுத்துகள் நடுங்கிக்கொண்டு வந்தன, படிப்பதற்குள் போய்விட்டன. மறுபடி சிவப்பு.

பையன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர். அதற்குள் ஈரம் காயக் காய உள்தடை ஏறும். சூடு பட்டால் அந்தத் தடை கொஞ்ச நேரம் இறங்கும், அதனால்தான் டிரையருக்கு மசிந்தது. தினமும் ஓடிக்கொண்டிருந்தவரை யூனிட் தன் சூட்டிலேயே பிழைத்தது. விடுமுறையில் ஆறிப்போனதும் எழுந்திருக்கத் தெம்பில்லை. மீட்டரில் 5 வோல்ட் சரியாகக் காட்டும் நேரத்திலும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் அந்த 5 வோல்ட் ரம்பப் பல்லாக இருக்கும். டிவி ரிப்பேர் செய்யும் நண்பரிடம் ஸ்கோப் இருக்கிறது. அவர் பார்த்துவிட்டு, "இதிலா ஒரு கம்ப்யூட்டரை ஓட்டினீங்க?" என்றார்.

மனைவி டிரையரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

8 பிப்ரவரி

கபாசிட்டர் பட்டியலை கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைக்கு அனுப்பினேன். பழையவை எல்லாம் 85 டிகிரி ரகம். 105 டிகிரி கேட்டிருக்கிறேன். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு என்பது பொதுக்கணக்கு, நம் ஊர்ச் சூட்டில் அதை அப்படியே நம்ப முடியாது. மொத்தமாகச் சில பத்து வெள்ளி (ரிங்கிட்) தான். புது கன்ட்ரோல் (மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர்) மாட்ட தவுக்கே விலை கேட்டிருக்கிறார். தொகையை என்னிடம் சொல்லவில்லை, பெருமூச்சை மட்டும் கேட்டேன்.

28-ஆம் தேதி லோரி. பட்டறை சிம்பாங் அம்பாட்டுக்கு இடம் மாறுகிறது, ஓடாத மெஷின் அங்கே வராதாம். பழைய இரும்புக்காரர் இன்று வந்து அதைச் சுற்றி நடந்து பார்த்தார். கிலோ கணக்கில் பார்க்கிற பார்வையே தனி.

10 பிப்ரவரி, திங்கள்

பார்சல் வரவில்லை. நாளை விடுமுறை, நாளையும் வராது. அக்கரையில், பினாங்குத் தீவில், வெள்ளி ரதம் காலையிலேயே புறப்பட்டுவிட்டது. போகிற வழியெல்லாம் இந்நேரம் தேங்காய் மலையாகக் குவித்திருப்பார்கள்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

ஃபெரியில் போனோம். தண்ணீர்மலைப் படி எல்லாம் ஏறினேன். இறங்கும்போதுதான் கண் பயமுறுத்தியது, ஒவ்வொரு படியும் இரண்டாகத் தெரிந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். முருகனிடம் கண்ணைப் பற்றித்தான் கேட்கப் போனேன். 5 வோல்ட்டும் நடுவில் வந்துவிட்டது.

13 பிப்ரவரி

பார்சல்.

யூனிட்டைக் கழற்றும்போது பையனைத் தள்ளி நிற்கச் சொன்னேன். உள்ளே 200 வோல்ட் ஏசி நேராக்கப்பட்டு 280 வோல்ட் டிசியாகப் பெரிய கபாசிட்டரில் நிற்கும். அணைத்த பிறகும் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இதை மட்டும் அவனுக்கு மூன்று மொழியில் சொன்னேன்.

பூதக்கண்ணாடி, இடது கண். பழைய சின்ன கபாசிட்டர்களின் அடியில் பிசின் மாதிரி ஒழுகியிருந்தது, மீன் வாடை. பெரியவை பார்க்க அழகாக இருந்தன, அவற்றையும் மாற்றினேன்.

மாலை ஐந்தரைக்கு மாட்டினேன். பச்சை மட்டும். திரை நிற்கிறது, நடுக்கமில்லை. 5.02 வோல்ட்.

திரையில் 910.

14 பிப்ரவரி

910 என்றால் ராம் பேரிட்டி. நினைவு போய்விட்டது. பின்னால் பேட்டரிப் பெட்டியில் டார்ச்சுக்குப் போடும் பெரிய அல்கலைன் மூன்று. 4.5 இருக்க வேண்டிய இடத்தில் 1.9 வோல்ட், முனையில் வெள்ளை உப்பு. விடுமுறைக்கு முந்தின வாரம் திரை ஓரத்தில் 'பேட்' (பேட்டரி) என்று மினுக்கியதாம். அது எப்போதும் மினுக்கும் என்று யாரோ சொன்னதாகப் பையன் சொல்கிறான். அந்த யாரோ இப்போது வேலையை விட்டுப் போய்விட்டார்.

இந்த பேட்டரியை மெஷின் ஓடும்போதுதான் மாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் போச்சு. கோபத்தில் ரொட்டி சானாய்கூட இறங்கவில்லை.

15 பிப்ரவரி, சனி

எல்லாம் போகவில்லை, இதை எழுதி வைத்தால்தான் எனக்கு நிம்மதி. லேடர் (மெஷினின் அசைவுகளை வரிசைப்படுத்தும் புரோகிராம்) ஈப்ராம் சிப்பில் இருக்கிறது, அது பேட்டரியை நம்பி இல்லை. போனது பாராமீட்டர்கள், புரோகிராம்கள், ஆஃப்செட்டுகள், டூல் எந்தப் பையில் இருக்கிறது என்ற கணக்கு. இந்த மெஷினின் கன்ட்ரோலான ஃபனக் 0-எம் பலகை உலகமெங்கும் ஒன்றுதான். அதை இந்த மெஷினாக ஆக்குவது அந்த எண்கள். திருகின் பிட்ச், மோட்டார் வகை, எந்தத் திசை கூட்டல், எங்கே நிற்க வேண்டும்.

அவை கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக் உறையில் காகிதத்தில் இருக்கின்றன. ஜப்பானில் அச்சடித்தது, நடுநடுவே பழைய ஃபோர்மேன் அண்ணனின் பேனா. 900 வரிசை எண்களின் பக்கத்தில் எண்ணெய்க் கறை.

16 பிப்ரவரி, ஞாயிறு

அந்தக் கறை.

17 பிப்ரவரி, திங்கள்

ரீசெட், டிலீட் இரண்டையும் அழுத்திக்கொண்டே ஆன் போட்டு எல்லாவற்றையும் துடைத்தேன். புது பேட்டரி. திரையில் 417, 427, 437 வரிசையாக வந்தன. தன் மோட்டார் என்ன ரகம் என்றே மூன்று அச்சுக்கும் மறந்துவிட்டது. அந்த ரக எண்ணை 8120, 8220, 8320-இல் போட வேண்டும்.

மகள் எல்லாவற்றையும் லேப்டாப்பில் அடித்து வைத்திருக்கிறாள். கேபிளில் அனுப்பலாம் என்றால், ஆர்எஸ்-232 வாசல் திறப்பதே 900 வரிசையில் ஒரு பிட். அனுப்பும் வேகம் 552-ஆம் பாராமீட்டரில், அங்கே 10 போட்டால் வினாடிக்கு 4800 பிட். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டின கதை. ஆகவே 900 எல்லாம் கையால். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், எல்லாம் 0 அல்லது 1. பையன் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் வாசிக்க, நான் அடித்தேன். பாராமீட்டர் எழுதும் அனுமதி திறந்திருப்பதால் 100 அலாரம் நின்றுகொண்டே இருந்தது. அது இருக்கட்டும்.

18 பிப்ரவரி

கறைக்கு அடியில் இரண்டு இலக்கம். 00, 01, 10, 11. அவ்வளவுதான், உலகம் முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு பிட்டும் முதல் முதலாளி காசு கொடுத்து வாங்கின ஒரு வசதி. இல்லாததைத் திறந்தால் கன்ட்ரோல் என்ன செய்யும்? இருப்பதை மூடினால் எந்த வேலை நிற்கும்?

காகிதத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். மகள் போனில் படமெடுத்து நிறத்தை மாற்றிப் பார்த்தாள். ஒரு 1 போலத் தெரிகிறது என்றாள். எனக்கு எல்லாமே 1 போலத்தான் தெரிகிறது.

கண் டாக்டர் தேதி வந்துவிட்டது. மார்ச் 4.

19 பிப்ரவரி

00 போட்டேன். மெஷின் எழுந்தது. மெதுவாக அச்சுகளை நகர்த்தினேன், நகர்ந்தன! ஃபோர்மேன் அண்ணனின் வட்டத் துளை புரோகிராமைப் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து அடித்து ஓடவிட்டேன். ஜி65 வரியில் 010 அலாரம். அந்த ஜி கோடு எனக்குத் தெரியாது என்கிறது. போன வருஷம்வரை தினமும் ஓட்டினதுதான்.

01 போட்டேன். வரியைத் தாண்டிப் போனது. மகளின் 1.

20 பிப்ரவரி

கேபிள் பேசியது. 4800, ஏழு பிட், ஈவன், இரண்டு ஸ்டாப். மீதி எண்கள் எல்லாம் மெஷினுக்குள் போய்விட்டன. தவுக்கே கோப்பி வாங்கி வந்தார். பேசினார்கூட.

21 பிப்ரவரி, வெள்ளி

510. இசட் அச்சின் கிரிட் ஷிஃப்ட், அதாவது ஹோம் (அச்சு தொடங்கும் இடம்) எவ்வளவு தள்ளி நிற்கும் என்ற எண். காகிதத்தில் அச்சடித்திருப்பது −2150. அதை அடித்துவிட்டு பேனாவில் −6840. அலகு மைக்ரான், வித்தியாசம் 4.69 மில்லிமீட்டர். டூல் மாற்றும் கை அந்த உயரத்தை நம்பித்தான் வரும். தப்பான எண்ணோடு டூல் மாற்றும் கட்டளையான எம்06 கொடுத்தால் கை, டூல், ஸ்பிண்டில் மூக்கு எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பேனாவை நம்பலாமா? யாராவது எதையாவது முயன்று பார்த்துவிட்டு எழுதினதாகவும் இருக்கலாமே.

எக்ஸ், ஒய் பக்கத்தில் பேனா இல்லை. இசட்டில் மட்டும் ஏன்?

22 பிப்ரவரி, சனி

சுங்கை பட்டாணிக்குப் போனேன். ஃபோர்மேன் அண்ணன் மகள் வீட்டில் இருக்கிறார், இளைத்துவிட்டார். "வா தம்பி, பசியாறிட்டியா? அது இன்னும் ஓடுதா?" என்றார். காகிதத்தைக் காட்டினேன். தன் எழுத்துதான் என்றார், எப்போது எழுதினது என்று ஞாபகமில்லை. இசட் மோட்டாரை ஒரு தடவை மாற்றினார்களாம், அதற்கு முன்பா பின்பா என்று சொல்லத் தெரியவில்லை.

மோட்டார் மாறியிருந்தால் விஷயம் புரிகிறது. மோட்டாரின் ஒரு சுற்றுக்கு ஒரு குறித்துடிப்பு, அங்கேதான் ஹோம் பிடிக்கும். புது மோட்டாரில் அந்தக் குறி திருகின் வேறு கோணத்தில் வந்து உட்காரும். திருகின் பிட்ச் 10 மில்லிமீட்டர், அந்தப் பத்துக்குள் எங்கே வேண்டுமானாலும்.

மீ ஹூன் சாப்பிட்டு முடித்துப் புறப்படும்போது சொன்னார்: "நம்பரைப் பிடிச்சிக்கிட்டு ஏன் தொங்குற? சைபர் போட்டு ஹோம் பண்ணு. கையைக் கையால திருப்பிக் கொண்டுவந்து நிறுத்து. எவ்வளவு இடிக்குதுன்னு அள. அது சொல்லும்."

24 பிப்ரவரி, திங்கள்

அளந்தேன். ஏர் பைப்பைக் கழற்றிவிட்டு, கையைச் சாவியால் திருப்பி, டயல் வைத்து, இடது கண்ணால். பையன் ஒருமுறை தனியாகப் பார்த்தான், நான் ஒருமுறை. −6910 வருகிறது. பேனாவுக்கும் எனக்கும் 0.07.

பேனாவையே போட்டேன். அவருடைய டயல் என்னுடையதைவிட நல்லது.

25 பிப்ரவரி

எம்06. கை வந்தது, பிடித்தது, மாற்றியது, போனது. சத்தமே இல்லை.

இரண்டாவது டூலில் தவறான பையிலிருந்து ஃபேஸ் மில்லை எடுத்து வந்தது. அது உயரப் பிரச்சினை இல்லை, டூல் அட்டவணை காலியாக இருப்பதால். எல்லா டூலையும் வெளியே எடுத்து, ஒவ்வொரு பைக்கும் எண் போட்டு, மறுபடி அடுக்க வேண்டும். நாளைய வேலை. இரும்புக்காரருக்கு தவுக்கே போன் போட்டு வர வேண்டாம் என்றார். என் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகப் பேசினார் என்று நினைக்கிறேன்.

27 பிப்ரவரி, வியாழன்

டூல் எல்லாம் அடுக்கியாச்சு. பேக்லாஷ் 535-லிருந்து 537 வரை சரிபார்த்தேன், ஒய் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அது திருகின் தேய்மானம், எண்ணில் தீராது. சிம்பாங் அம்பாட் போய்ப் பார்க்கலாம்.

நாளை காலை எட்டுக்கு லோரி. அணைப்பதற்கு முன் பேட்டரியை அளக்க வேண்டும். அதற்கு முன் பாராமீட்டரை மறுபடி லேப்டாப்பில் இழுத்து, ஒரு பிரதி பெண்ட்ரைவில், ஒரு பிரதி காகிதத்தில். பெரிய எழுத்தில் அச்சடிக்க மகளிடம் சொல்லியிருக்கிறேன். கேபிள் மஞ்சள் பையில் இருக்கிறது, அதை யாரும் லோரியில் ஏற்றிவிடாமல்