எழுத்துத் தொடர்க் கேள்விக்கு முன் எழுத்தின் எண்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ்வழியில் படித்துக் கேரள பிஎஸ்சி (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வினாத்தாள் தமிழில் இருந்தாலும், அடுத்த எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் எழுத்துத் தொடரில் வருவது பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள்தான். கியூ எத்தனையாவது என்றால் ஏ-யிலிருந்து விரல் மடக்கத் தொடங்குகிறோம். நேரம் கரைவது அங்கேதான். மூளை ஓடவில்லை என்று யாரும் சோர்ந்துபோக வேண்டாம். எண் மனத்தில் பதியவில்லை, அவ்வளவே.

ஈ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25. பயிற்சி வகுப்புகளில் இதை 'ஈஜோட்டி' என்று சேர்த்துச் சொல்லித் தருவார்கள். இந்த ஐந்தும் உறுதியாகத் தெரிந்தால், ஏ, பி தவிர மற்றவை இரண்டு எழுத்துக்குள் அகப்படும்: ஓ-விலிருந்து இரண்டு தள்ளினால் கியூ, 17. அடுத்து எதிர் எழுத்துகள், அதாவது முன்னிருந்து எத்தனையாவதோ பின்னிருந்தும் அத்தனையாவதாக வரும் எழுத்து. ஏ-க்கு இசட், சி-க்கு எக்ஸ், ஈ-க்கு வி. எந்த ஜோடியின் எண்களைக் கூட்டினாலும் 27 வரும்.

இப்போது ஒரு கேள்வி: ஏ, இசட், சி, ஒய், எஃப், எக்ஸ், ஜே, அடுத்தது என்ன? எழுத்துகளுக்கு மேலே எண்களை எழுதுங்கள்: 1, 26, 3, 25, 6, 24, 10. எண்கள் ஏறி இறங்குகின்றன, தொடரும் நீளம். அப்படியானால் இரண்டு தொடர்கள் பின்னிக் கிடக்கின்றன என்று உடனே சந்தேகப்பட வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று பிரித்தால் 1, 3, 6, 10 ஒருபுறம்; இடைவெளி 2, 3, 4 என வளர்கிறது. மறுபுறம் 26, 25, 24. கேட்ட இடம் இரண்டாவது தொடருக்கு உரியது. 23, அதாவது டபிள்யூ. முதல் தொடரை நீட்டி ஓ என்று குறித்துவிடுபவர்கள் நிறையப் பேர். விடைகளில் ஓ-வும் இருந்தால் கை தானாக அங்கே போகும், கவனம்.

எஸ், டபிள்யூ, ஏ, ஈ போல நான்கு நான்காக ஏறும் தொடரில் 26-ஐத் தாண்டினால் 26-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். 23-உடன் 4 சேர்ந்தால் 27. அது மீண்டும் ஏ.

தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். ஆகவே ஒரு நிமிடத்தில் பிடிபடாத தொடரை விட்டுவிட்டுக் கடைசியில் திரும்ப வாருங்கள். வழிகாட்டி நூல்களின் விடைகளை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. பிஎஸ்சி இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன; அவற்றைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு போடுங்கள்.