வரி ஏறும் நாளில் ஆர்டர் எந்த செக்‌ஷனில் நிற்கிறது?

திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் உறுதியாகி, நூல் வாங்கி, ஷிப்மெண்ட் போக சாதாரணமாக மூன்று மாதமாவது பிடிக்கும். 2025-இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு இரண்டாவது 25 சதவீதக் கூடுதல் வரியை ஆகஸ்ட் 6 அன்று அறிவித்து, 27 முதல் அமலாக்கியது. கிடைத்தது 21 நாள். ஏற்கெனவே இருந்த 25-ஓடு சேர்ந்து அப்போது 50 சதவீதம் ஆனது. இப்படியொரு மாற்றம் வரும்போது, அன்றைக்கு ஒவ்வொரு ஆர்டரும் எந்த செக்‌ஷனில் நிற்கிறது என்பதை முதலில் பட்டியல் போட வேண்டும். நஷ்டத்தின் அளவு அதில்தான் இருக்கிறது.

நூலாகவோ கிரே துணியாகவோ (சாயம் ஏற்றாத துணி) இருந்தால் வேறு ஆர்டருக்குத் திருப்பிவிடலாம். டையிங் முடிந்துவிட்டால் அந்த ஷேடு அந்த பையருக்கு மட்டும்தான் ஆகும். கட்டிங்கும் போய்விட்டால் அளவு அமெரிக்க சார்ட்டில் நின்றுவிடும். "ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடலாமே" என்று வெளியே இருப்பவர்கள் சொல்வார்கள். மெயின் லேபிள், அமெரிக்க ஆர்.என். எண் (அந்த நிறுவனத்தின் பதிவு எண்) அச்சடித்த வாஷ்கேர் லேபிள், விலை டேக், பாலிபேக் எல்லாவற்றையும் பிரித்து மாற்ற வேண்டும். நெஞ்சில் பிராண்ட் பிரிண்ட் இருந்தால் அவர்களுடைய எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு பீஸ்கூட வெளியே போகக் கூடாது.

அடுத்தது தள்ளுபடிப் பேச்சு. நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான். காட்டன் டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமான வரி 16.5 சதவீதம். எஃப்ஓபி விலை (இங்கே கப்பலில் ஏற்றித் தரும் விலை) 4 டாலர் என்று வைத்துக்கொண்டால் முன்பு வரி 66 சென்ட், பையருக்கு அடக்கம் 4.66. கூடுதல் 50 சதவீதம் சேர்ந்தால் வரி 2.66, அடக்கம் 6.66. ஏறியது 2 டாலர். "ஆளுக்குப் பாதி" என்று பையர் 1 டாலர் குறைக்கச் சொல்வார். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் விலை குறைந்தால் அதன் மேல் விழும் வரியும் குறையும். 3 டாலருக்கு 66.5 சதவீதம் போட்டால் வரி சுமார் 2 டாலர், அடக்கம் 5 டாலர். பையர் சுமப்பது 34 சென்ட், நாம் சுமப்பது 1 டாலர். உண்மையான பாதி 75 சென்ட். அதைத் தாங்கும் மார்ஜினே இந்தத் தொழிலில் இல்லை என்பது வேறு விஷயம். கணக்குப் போடாமல் "சரி" என்று மெயில் அனுப்பிவிடக் கூடாது.

எவ்வளவு விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும் ஷிப்பிங் பில் (நம் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணம்) போடும் முன்பே இன்வாய்ஸில் அது வந்துவிட வேண்டும். சரக்கு அமெரிக்காவில் இறங்கிய பிறகு தரும் தள்ளுபடியை அங்குள்ள கஸ்டம்ஸ் மதிப்பில் கழிப்பதில்லை. பையர் பழைய விலைக்கே வரி கட்டியிருப்பார், அதையும் நம் தலையில் வைப்பார். இங்கேயோ வங்கியில் விலைக் குறைப்புக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். டிராபேக், ரோஎஸ்சிடிஎல் என்று அரசிடம் திரும்ப வாங்கிய வரித் தொகையில் குறைந்த விலைக்கு உரிய பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

வழியில் இருக்கும் சரக்குக்குக் கூடுதல் வரியிலிருந்து விலக்கு என்ற அறிவிப்பையும் கடைசி வரி வரை படிக்க வேண்டும். 2025-இல் ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலில் ஏற்றினால் மட்டும் போதாது, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே கிளியரும் ஆகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாக நியூயார்க் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே கடைசி வாரத்தில் இரவு பகலாக பேக்கிங் முடித்து ஏற்றிய பெட்டிக்கு அந்த விலக்கு எட்டியிருக்காது. முதல் தேதியைத் தாண்டினாலும் இரண்டாவது தேதியில் அது விழுந்திருக்கும்.

ஆர்டர் ஹோல்டில் போனாலும் பேக்கிங் கிரெடிட்டுக்கு (ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடன்) வட்டி நிற்காது. தேதி தாண்டும் முன்பே வங்கியிடம் பேசி நீட்டிப்பு வாங்க வேண்டும். அந்த ஆர்டரை நம்பி போட்ட ஃபார்வர்டு கான்ட்ராக்டை (வரப்போகும் டாலருக்கு முன்கூட்டியே ரேட் பேசி வங்கியுடன் போட்ட ஒப்பந்தம்) ரத்து செய்வதா, தள்ளிப்போடுவதா என்பதையும் அதே நாளில் முடிவு செய்ய வேண்டும். பீஸ் ரேட்டில் தைக்கும் பவர்டேபிள் (கூலிக்குத் தைத்துத் தரும் யூனிட்) தொழிலாளர்களுக்கு இப்படிப் பேசிப் பார்க்கவும் இடமில்லை. கட்டிங் நின்ற வாரத்திலேயே அவர்களுடைய சம்பளம் குறைந்துவிடுகிறது. அதனால் கையில் இருக்கும் சிறிய ஐரோப்பிய ஆர்டர்களை, லாபம் குறைவாக இருந்தாலும், அந்த வாரமே லைனில் ஏற்றுவது நல்லது.