கிலோ கணக்கில் பாசி

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில், குருசடைத் தீவுப் பாரில், அதாவது கடலடிப் பவளத் திட்டில், படர்ந்த கப்பாபைகஸ் என்ற கடற்பாசியைக் கையால் அகற்றும் குழுவோடு சில பருவங்கள் வேலை பார்த்தேன். கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வயலில் களையெடுப்பது போலத்தான் தெரியும்.

பாசியின் பூர்வீகம் பிலிப்பைன்ஸ் பக்கம். 1980களில் ஆராய்ச்சிக்காக இந்தியாவுக்கு வந்தது, பிறகு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்கும் வந்தது. 2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் வணிக வளர்ப்பில் இறங்கியதால் ஊரில் அதற்குப் பெயரே ‘பெப்சி பாசி’. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் கராஜீனன் இதிலிருந்து எடுப்பதுதான். மூங்கில் மிதவையில் கட்டி விட்டால் சுமார் 45 நாளில் அறுவடை. கடலோரப் பெண்கள் பலருக்கு அதுதான் கைக்காசு. 2005இல் அரசாணை ஒன்று வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வடக்கேயும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் ஒதுக்கியது. அதற்குள் பாசி தீவுக்கு வந்துவிட்டது போல. குருசடையில் மான்கொம்புப் பவளத்தின் மேல் அது ஏறியிருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பாசி பாய் மாதிரி மூடிக்கொண்டால் அடியில் பவளத்துக்கு வெளிச்சம் கிடையாது. அதனால் அகற்றியே ஆக வேண்டும். ஆனால் இது பரவ விதை தேவையில்லை, உடைந்த துண்டு ஒன்று போதும். அவசரமாகப் பிடித்து இழுத்தால் பாதி கையோடு வரும், மீதி நீரோட்டத்தோடு போய் அடுத்த பாரில் சிக்கும். போதாததற்குப் பவளத்தின் நுனியும் ஒடியும்.

குழுவில் இருந்த அக்கா ஒருவர் மிதவையில் பாசி கட்டிப் பழகியவர். “நுனியைப் பிடிக்காதீங்க தம்பி, அடி எங்க ஒட்டியிருக்குன்னு பாருங்க” என்பார். கிளை இடுக்கில் விரலை விட்டு ஒட்டிய இடத்தைச் சுரண்டி, சிதறிய துணுக்கையும் வலைப்பையில் பொறுக்குவார். “காயப்போட்டா காசுதான் இது” என்று ஒரு முணுமுணுப்பும் உண்டு. நியாயம்தானே?

இத்தனை நிதானமாகச் செய்கிறவரின் பை சாயங்காலம் பாதிதான் நிறைந்திருக்கும். அறிக்கைப் படிவமோ எத்தனை கிலோ எடுத்தோம் என்று மட்டும் கேட்டது. பிய்த்து இழுத்தவர் பெயருக்கு நேரே பெரிய எண் விழும். அவர் அள்ளியதில் எவ்வளவு சிதறிப்போனது என்று எழுத அதில் இடமே கிடையாது. பரப்பியதற்குப் பாராட்டுக் கொடுத்த கதைதான். கிலோ குறைந்த வருடத்தில் “வேலை நடக்கலையா?” என்றும் கேட்டார்கள். பாசி குறைந்தால் கிலோவும் குறையும் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் சுத்தம் செய்த இடங்களில் அடையாளக் கல் வைத்தோம். வாடைக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் பாம்பன் வழியாகத் தெற்கே திரும்பும். அது ஓய்ந்ததும் அதே கற்களுக்குப் போய், எங்கே மறுபடி முளைத்திருக்கிறது என்று குறித்தோம். படிவத்தில் இடமில்லாததால் அதைத் தனித் தாளில் எழுதி, கிலோ கணக்கின் பின்னால் பின் அடித்து அனுப்பினோம்.