யூரிக் ஆசிட்: வலி போன பிறகும் மாத்திரை ஏன்?

யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாகப் படிந்து வருகிற கவுட் வலி எனக்கு முதல் தடவை வந்தது நடு ராத்திரியில். படுக்கும்போது ஒன்றுமே இல்லை, இரண்டு மணிக்கு வலது கால் பெருவிரல் மூட்டில் ஆரம்பித்த வலி விடிவதற்குள் போர்வை நுனி பட்டாலே உயிர் போகிற அளவுக்கு வந்துவிட்டது. மூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது. எங்கோ இடித்துக்கொண்டேன் போல என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், இன்னும் மோசமானது. (ஐஸ் வைத்திருக்க வேண்டும்.) மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு ஒரு வாரத்தில் சரியானதும் மறந்தே போனேன்.

எட்டு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும். இந்த முறை ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், யூரிக் ஆசிட் 6.3 (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம்) வந்தது, நார்மல்தான், சுளுக்கு என்று அனுப்பிவிட்டார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் இந்த அளவு இறங்கியும் காட்டும், அதனால் வலி அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும் என்று பிறகு பார்த்த மூட்டுவாத மருத்துவர்தான் சொன்னார். அப்படி எடுத்தபோது 9.2.

அவர் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார். நான்தான் சாப்பாட்டிலேயே குறைத்துவிடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு மீன், கறி மட்டுமல்ல, பருப்பு, கீரை, காளான், தக்காளி எல்லாவற்றையும் நிறுத்தினேன். நான்கு மாதம் சாம்பார் இல்லாத சாப்பாடு, வீட்டில் எனக்காகத் தனியாகச் சமைத்தார்கள். அவ்வளவு செய்தும் 8.5 தான் வந்தது, நடுவில் இன்னொரு தடவை வலியும் வந்தது. யூரிக் ஆசிட்டில் பெரும்பகுதி உடம்பே உண்டாக்குவது, முக்கால்வாசிப் பேருக்குச் சிக்கலே சிறுநீரகம் அதைப் போதுமான அளவு வெளியேற்றாததுதான், பத்தியத்தால் சுமார் ஒரு புள்ளி இறங்கலாம், அவ்வளவுதான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். பருப்பையும் கீரையையும் திரும்பச் சாப்பிடச் சொன்னார். குறைக்கச் சொன்னது ஆட்டு ஈரல், குடல், சாளை, நெத்திலி, பாட்டில் குளிர்பானம். பீர் கூடவே கூடாது. மோர் தாராளமாகக் குடிக்கலாம், தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும், பட்டினி கிடக்கக் கூடாது.

என் பிரஷர் மாத்திரைச் சீட்டையும் வாங்கிப் பார்த்தார். அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருந்தது, அது யூரிக் ஆசிட்டை ஏற்றும் மருந்து. லோசார்டனுக்கு மாற்றிக் கொடுத்தார். உங்களுக்கும் பிரஷர் இருந்தால் இதை அவசியம் கேளுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபூரினால் 100 மில்லிகிராமில் தொடங்கி, கூடவே கோல்சிசின் 0.5 மில்லிகிராம் தினம் ஒன்று. மூன்றாவது வாரம் இடது கணுக்காலில் பயங்கர வலி. மாத்திரையால்தான் வந்தது என்று பயந்து இரண்டையும் நிறுத்திவிட்டேன். நான் செய்ததிலேயே பெரிய தவறு இதுதான். ரத்தத்தில் அளவு இறங்கும்போது மூட்டில் வருடக்கணக்காகப் படிந்திருந்த படிகங்கள் கரைந்து கிளம்பும், அதனால் முதல் சில மாதங்களில் வலி வரத்தான் செய்யும், அதைத் தடுக்கத்தான் கோல்சிசின், வலி வந்தாலும் அலோபூரினாலை விடக் கூடாது என்றார் மருத்துவர். இதை முதல் நாளே யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் நான் இரண்டு மாதத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். அலோபூரினாலை உடனே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டியது தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால். கோல்சிசினால் வயிற்றுப்போக்கு வந்தாலும் சொல்ல வேண்டும், சில ஆன்டிபயாட்டிக்குகளோடு அது ஒத்துப்போகாது என்பதால் வேறு டாக்டரிடம் போனாலும் இதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுவேன்.

மாத்திரைகளைத் திரும்ப ஆரம்பித்து, மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்து, அலோபூரினாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 300 மில்லிகிராமுக்கு வந்தோம். யூரிக் ஆசிட் இலக்கு 6-க்குக் கீழே, ஏனென்றால் 6.8-ஐத் தாண்டினாலே படிகம் உருவாகத் தொடங்கிவிடும். ஆறு மாதத்தில் கோல்சிசினை நிறுத்தியாயிற்று. போன மாதம் 5.3. வலி வந்து பதினான்கு மாதமாகிறது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அலோபூரினால் மட்டும் தொடர்கிறது, அடுத்த பரிசோதனை தை மாதம்.