82 டிகிரிக்கு பயப்பட முதல் அறை எத்தின டிகிரி எண்டு பாருங்கோ

மார்ச், ஏப்ரல் வந்தா கொழும்பில பிசி வச்சிருக்கிற ஆக்கள் எல்லாருக்கும் ஒரே கவலைதான். எங்கட ஃபிளாட்டில மேல்மாடியில இருக்கிற தம்பி போன கிழமை வந்து, "அண்ணா, கேம் விளையாடேக்க ப்ரொசசர் 82 காட்டுது, அத குளிராக்க புது கூலர் போடோணுமோ?" எண்டு கேட்டவர். "அறை எத்தின டிகிரி தம்பி?" எண்டன். அவர் அத பாக்கவே இல்ல, கனபேர் பாக்கிறேல்ல.

விஷயம் என்னெண்டா, நாங்க கடையில வாங்கிற எந்த கூலரும், தண்ணி ஓடுற ஏஐஓவும் சேர்த்துத்தான் சொல்லுறன், ப்ரொசசர அறைக் காத்த விட குளிராக்காது. அறைச் சூட்டுக்கு மேல இன்னும் எவ்வளவு ஏறுது எண்டதத்தான் கூலர் தீர்மானிக்கும். யூடியூப்பில 21 டிகிரி ஏசி அறைக்குள்ள வச்சு டெஸ்ட் பண்ணி 70 எண்டு காட்டினா, அதே கூலர் அதே வேலைக்கு வெள்ளவத்தையில மத்தியானம் 31 டிகிரி அறையில 80 கிட்ட காட்டும், அது கூலரின்ட பிழை இல்ல. அதால எச்டபிள்யூஇன்ஃபோ எண்ட, ப்ரொசசர் சூடு காட்டுற சொஃப்ட்வெயார்ல வாற நம்பர்ல அறைச் சூட்ட கழிச்சுப் போட்டு மிச்சத்த பாருங்கோ, அந்த மிச்சம் மாசா மாசம் கூடிக்கொண்டு போனாத்தான் யோசிக்கோணும்.

82 ஆபத்தான நம்பரும் இல்ல. இன்டெல் ஐ5 12400 ப்ரொசசருக்கு உச்ச எல்லை 100, ஏஎம்டியின்ட ரைசன் 5 5600க்கு 90, ரைசன் 7000 சீரிஸ் பாரமான வேலை குடுத்தா 95 வரைக்கும் போய் நிக்கிற மாதிரியே செய்தது. எல்லையத் தொட்டா ப்ரொசசர் தானே வேகத்த குறைச்சு தன்னைக் காப்பாத்திக்கொள்ளும். ஆனா சும்மா டெஸ்க்டாப்ப பாத்துக்கொண்டு இருக்கேக்கயே 65, 70 எண்டு நிண்டா கட்டாயம் திறந்து பாக்கத்தான் வேணும்.

இனி எங்கட ஊர்ல உண்மையான பிரச்சின எங்க எண்டு சொல்லுறன், அந்த கம்ப்யூட்டர் மேசைதான். பிசி வைக்க எண்டு பக்கத்தில ஒரு பெட்டி மாதிரி அடிச்சு, முன்னுக்கு கதவும் போட்டு, பின்னுக்கு வயர் போக மட்டும் ஒரு ஓட்டை விட்டிருப்பினம் எல்லோ, தம்பி வீட்டிலயும் அதுதான். கேசிங்கின்ட முன் ஃபேனுக்கு கிட்ட ஒரு சின்ன தெர்மாமீட்டர் வச்சம். அறை 31, பெட்டிக்குள்ள 39! பின்னால தள்ளுற சூட்டுக் காத்து போக வழியில்லாம சுத்தி வந்து திரும்ப முன் ஃபேனுக்குள்ளயே போகுது. பிசிய வெளியில எடுத்து, சுவரில இருந்து ஒரு சாண் தள்ளி வச்சம், வேற ஒண்டுமே செய்யேல்ல, அதே கேம் 75. ஒரு சதம் செலவில்ல. கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற யூனிட்டி பிளாசாவுக்கு கூலர் வாங்க வெளிக்கிட முதல் இத செய்து பாருங்கோ, தயவு செய்து.

அடுத்தது தூசி. மரைன் டிரைவ் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு தெரியும், கடற்காத்து ஈரத்தோட தூசி சேர்ந்தா ஊதினாலும் போகாது, கூலரின்ட ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில கம்பளி மாதிரி ஒட்டிக் கிடக்கும். பழைய பெயின்ட் பிரஷ் ஒண்டால தட்டி எடுத்துப் போட்டு புளோவர் பிடியுங்கோ, பிடிக்கேக்க ஃபேன் சுத்தாம விரலால அமத்திக்கொள்ளுங்கோ. சைட் கதவ கழட்டிப்போட்டு மேசை ஃபேன் பிடிக்கிற ஆக்களும் இருக்கினம், கொஞ்சம் குறையும்தான், ஆனா தூசியும் பல்லியும் சேர்ந்து உள்ளுக்க வரும், எனக்கு அது சரிப்படாது.

இவ்வளவும் செய்தும் சூடெண்டா, கூலருக்கு காசு குடுக்க முதல் ப்ரொசசர் குடிக்கிற கரண்ட குறையுங்கோ. ஐ5 12400 பேரளவில 65 வாட், ஆனா வேகம் கூட்டி ஓடுற டர்போவில 117 வரைக்கும் போகும், பிசி தொடங்கேக்க திறக்கிற பயோஸ் செட்டிங்ல அந்த லிமிட்ட கொஞ்சம் இறக்கினா கேம்ல பெரிசா வித்தியாசம் தெரியாது. ரைசன் 7700எக்ஸ் மாதிரி 105 வாட் சாமான்ல கரண்ட் குறைக்கிற ஈகோ மோட்ட 65 வாட்டில போட்டுப் பாருங்கோ, சூடு நல்லா இறங்கும், ஃபேன் சத்தமும் குறையும், கரண்ட் பில்லுக்கும் நல்லம்.

ப்ரொசசருக்கும் கூலருக்கும் இடையில பூசுற தேர்மல் பேஸ்ட் கனகாலம் மாத்தேல்ல எண்டா அதையும் மாத்துங்கோ, ப்ரொசசரின்ட நடுவில ஒரு பயறு அளவு காணும். ரைசன் 5 5600 மாதிரி ப்ரொசசர் போடுற ஏஎம்4 போர்ட் எண்டா மட்டும் கவனம், ஒரு கால் மணித்தியாலம் பிசிய ஓட விட்டு சூடாக்கி, பிறகு நிப்பாட்டி பிளக்க கழட்டி, கூலர இடம் வலம் மெல்ல திருப்பி எடுங்கோ. காய்ஞ்ச பேஸ்ட்ட நேரா இழுத்தா ப்ரொசசரும் சொக்கெட்டில இருந்து சேர்ந்து வரும், பின் வளைஞ்சா நிமித்திறது லேசில்ல.