நாய்க்குட்டியின் வாயுத் தொல்லை: எங்கள் சிட்டுவுக்கு எப்படிச் சரியானது

நாய்க்குட்டிக்கு வாயு அதிகம் என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கிற பதில் "குட்டிதானே, வளர்ந்தா சரியாயிடும்" என்பதுதான். சில குட்டிகளுக்கு அப்படிச் சரியாகவும் ஆகிவிடுகிறது. எங்கள் சிட்டுவுக்கு ஆகவில்லை. அவளுக்குக் காரணம் ஒன்றல்ல, மூன்று. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்ததால் எதைச் சரிசெய்தாலும் பாதிதான் குறைந்தது. இதே நிலையில் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

எட்டு வாரக் குட்டியாக வந்தாள். நல்ல பசி, நல்ல துறுதுறுப்பு. ஆனால் சாப்பிட்டதும் வயிறு விம்மிக்கொண்டு நிற்கும், உள்ளே கடமுடவென்று ஓடுகிற சத்தம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே கேட்கும், இரவில் விடாமல் குசு, அதுவும் அழுகிய முட்டை நாற்றம். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். தூங்கிக்கொண்டிருக்கும்போதே திடுக்கென்று எழுந்து பின்பக்கம் திரும்பிப் பார்ப்பாள், இடம் மாறிப் படுப்பாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்திருப்பாள். வயிற்றைத் தடவப் போனால் உடம்பை இறுக்கிக்கொள்வாள். அதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தால் சரியாகும் என்று சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் மருந்து எதையும் எழுதுவதற்கு முன்னால் நிறையக் கேள்வி கேட்டார். "சாப்பிட்ட உடனே வருதா, இல்ல சில மணி நேரம் கழிச்சு வருதா? நாத்தம் அதிகமா, இல்ல சத்தம்தான் அதிகமா? மலம் எப்படி இருக்கு?" கடைசிக் கேள்விக்கு நான் "கொஞ்சம் இளக்கமா இருக்குங்க" என்றேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு, தரையில் ஒட்டுகிறதா, சளி மாதிரி வருகிறதா, ஒரு நாளில் எத்தனை தடவை போகிறாள் என்று அதையே தோண்டித் தோண்டிக் கேட்டார். வாயுவை மட்டும் தனியாகப் பார்க்கக்கூடாது, மலத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இப்போது எனக்கும் அதே பிடிவாதம் வந்துவிட்டது.

அவர் விளக்கியது இதுதான். வயிற்றில் வாயு சேர இரண்டு முக்கியமான வழிகள் இருக்கின்றன. ஒன்று, அவசரமாகச் சாப்பிடும்போது விழுங்குகிற காற்று. இதில் பெரும்பகுதி ஏப்பமாக மேலே வந்துவிடும், மீதி கீழே இறங்கும், பெரிதாக நாற்றம் இருக்காது. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான குட்டிகள் மூச்சுவிடச் சிரமப்படுவதால் இப்படிக் காற்றை அதிகமாக விழுங்கும். இரண்டாவது, சிறுகுடலில் சரியாகச் செரிக்காத உணவு பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைப்பது. ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் எல்லாம் அங்கேதான் உண்டாகின்றன. இவை எதற்கும் வாசனையே கிடையாது. நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள், மொத்த வாயுவில் அவை 1 சதவீதம்கூட இருக்காது. ஆகவே குசு நாறுகிறதா, அளவு அதிகமாக இருக்கிறதா என்பதைத் தனித்தனியாகக் கவனித்தால் பிரச்சினை எந்தப் பக்கம் என்று ஓரளவு பிடிபடும். சிட்டுவுக்கு இரண்டுமே இருந்தது.

ஒரு நோட்டுப் போட்டேன். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு கிராம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்தில் முடித்தாள், குசு எப்போது, மலம் எப்படி. மலத்துக்கு 1 முதல் 7 வரை எண் கொடுக்கிற ஒரு அட்டவணை உண்டு, 1 என்றால் உருண்டை உருண்டையாகக் காய்ந்தது, 7 என்றால் தண்ணீர். 2 அல்லது 3 வந்தால் நல்லது. சிட்டு 4-க்கும் 5-க்கும் நடுவில் இருந்தாள். இப்படி எண் எழுத ஆரம்பித்ததும் "நேத்தைவிடப் பரவாயில்ல" என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வது நின்றது.

முதலில் நிறுத்தியது பால். சிட்டு பிறந்த வீட்டில் தினமும் கிண்ணத்தில் பால் ஊற்றியிருக்கிறார்கள், நிறுத்தாமல் கொடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தாய்ப்பால் மறக்கிற வயதுக்குப் பிறகு குட்டிகளின் குடலில் லாக்டேஸ் நொதி குறைந்துகொண்டே போகும், பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். எல்லாக் குட்டிக்கும் ஒரே அளவில் இப்படி ஆவதில்லை, கொஞ்சம் பால் குடித்தும் ஒன்றும் ஆகாத நாய்கள் உண்டு. ஆனால் வாயு இருக்கிற குட்டிக்குப் பால் கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. சரியான குட்டித் தீவனம் சாப்பிடுகிற குட்டிக்குப் பாலே தேவையில்லை. நிறுத்தியதும் வயிற்று விம்மல் நன்றாகவே குறைந்தது. மலமும் கொஞ்சம் கெட்டியானது. நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

இந்தக் கட்டத்தில்தான் ஆளாளுக்கு "ஃபுட்டை மாத்திப் பாருங்க" என்றார்கள். பலரும் முதலில் செய்வது அதைத்தான். எனக்குத் தெரிந்து கடைசியாகச் செய்ய வேண்டியது அது. தீவனத்தைத் திடீரென்று மாற்றுவதே வாயுவுக்கும் பேதிக்கும் ஒரு காரணம், மாற்றிய பிறகு வருகிற தொல்லை பழைய காரணத்தாலா புதிய தீவனத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டரும் அதையே சொல்லி, மலத்தைப் பரிசோதிக்கலாம் என்றார்.

பூச்சி மருந்துதான் கொடுத்தாயிற்றே, இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உருண்டைப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குத் தொற்றிவிடும், தாய்ப்பாலிலும் வரும், அதனால்தான் 2, 4, 6, 8 வாரங்களில் குடற்புழு மருந்து கொடுக்கிறார்கள். சிட்டுவுக்கு அதெல்லாம் முறையாக நடந்திருந்தது. ஆனால் ஜியார்டியா என்று ஒன்று இருக்கிறது. அது புழுவே அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஓரணு ஒட்டுண்ணி. சிறுகுடலின் சுவரில் ஒட்டிக்கொண்டு உணவு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், அப்படி மிஞ்சுகிற உணவு கீழே போய் நொதிக்கும். புழுக்களுக்காகக் கொடுக்கிற வழக்கமான ஒரு வேளை மருந்துக்கு அது போகாது.

முதல் மாதிரியில் ஒன்றும் தெரியவில்லை. ஜியார்டியா தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு மலத்தில் வெளியேறுகிற வடிவத்தைக் கூடு (சிஸ்ட்) என்பார்கள், அந்தக் கூடுகள் எல்லா நாளும் வெளியேறுவதில்லை, விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் ஒரு தடவை இல்லை என்று வந்தால் இல்லவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்றார் டாக்டர். வெவ்வேறு நாட்களில் எடுத்த மாதிரிகளைச் சேர்த்துக் கொடுத்தோம், கூடவே ஜியார்டியாவின் புரதம் மலத்தில் இருக்கிறதா என்று தேடுகிற ஆன்டிஜன் டெஸ்டும் செய்தார்கள். அதில் தெரிந்துவிட்டது. அந்த ரிசல்ட்டைப் பார்த்தபோது எனக்குப் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம், அவளை இவ்வளவு நாள் படுத்தியது எது என்று ஒருவழியாகப் பெயர் தெரிந்ததே.

ஃபென்பெண்டசோல் மருந்தை எடைக்கு ஏற்ற அளவில், தொடர்ந்து சில நாட்கள், உணவோடு கொடுக்கச் சொன்னார். மருந்து கொடுப்பது சுலபம். வேலை வாங்கியது சுத்தம்தான். ஈரமான இடத்தில் அந்தக் கூடுகள் நீண்ட நாள் உயிரோடு இருக்கும், மலம் கழித்த பின் பின்பக்க முடியில் ஒட்டியிருப்பதை நக்கினாலே குட்டிக்கு மறுபடி தொற்றிவிடும். ஆகவே அவள் போன உடனே மலத்தை அள்ளிவிடுவோம், படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து நன்றாகக் காயவைப்போம், தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுவோம், மருந்து முடிகிற நாளில் அவளை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி உலர்த்தினோம். நாய்க்கு வருகிற ஜியார்டியா மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம்தான், ஆனாலும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கை கழுவுவதில் கண்டிப்பாக இருங்கள்.

மருந்து முடிந்து கொஞ்ச நாளில் அந்த முட்டை நாற்றம் போயே போய்விட்டது. மலம் 3-க்கு வந்தது. முக்கியமாக, இரவில் எழுந்திருக்காமல் தூங்கினாள். அன்றைக்கு நோட்டில் எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது.

மீதி இருந்தது காற்று விழுங்குவது. கூடப்பிறந்தவர்களோடு ஒரே தட்டில் முண்டியடித்துச் சாப்பிட்ட பழக்கம், தட்டை வைத்ததும் மெல்லாமல் அள்ளி விழுங்குவாள். உள்ளே மேடுபள்ளம் வைத்த கிண்ணம் கிடைக்கிறது, அதில் போட்டால் நாக்கால் தேடித் தேடித்தான் எடுக்க முடியும். ஒரு நாள் உணவை மூன்று வேளையிலிருந்து நான்காக, அளவைக் கூட்டாமல் பிரித்தோம். தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஊறவைத்தோம். அவ்வளவுதான், அது சீக்கிரமே சரியாகிவிட்டது.

ட்ரீட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் கலோரியில் ட்ரீட் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள், சின்னக் குட்டிக்கு அது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. காரணம் தேடுகிற அந்த நாட்களில் ட்ரீட்டே வேண்டாம் என்று அவளுடைய தீவனத்திலிருந்தே நாலைந்து உருண்டைகளை எடுத்துப் பயிற்சிக்குக் கொடுத்தோம். சோயா, பட்டாணி, பீன்ஸ் அதிகம் சேர்த்த தீவனமோ ட்ரீட்டோ கொடுப்பவர்கள் லேபிளைப் பாருங்கள். அவற்றிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கிற நொதி நாய்களிடம் இல்லை, நேராகப் பெருங்குடலுக்குத்தான் போகும்.

மனிதருக்கான கேஸ் மருந்தை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். இனிப்புச் சுவைக்காக சைலிடால் சேர்த்த மாத்திரை, சிரப் நாய்க்கு விஷம், ரத்தத்தில் சர்க்கரை அளவைச் சட்டென்று கீழே இறக்கிவிடும். அதேபோல வயிறு பறை மாதிரி இறுகி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், எச்சில் ஒழுக நிலைகொள்ளாமல் தவித்தால் அது வெறும் வாயு அல்ல, இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். பெரிய உடம்பும் ஆழமான மார்பும் கொண்ட வளர்ந்த நாய்களுக்குத்தான் அதிகம் வரும், குட்டியில் அரிது. ஆனாலும் அந்த அறிகுறிகள் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். வாயுவோடு எடை ஏறாமல் இருப்பது, மலத்தில் ரத்தம், சாப்பிட மறுப்பது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

சிட்டு இப்போதும் எப்போதாவது குசு விடுவாள், எந்த நாயும் விடும். அவளை வளர்ந்த நாய்க்கான தீவனத்துக்கு மாற்றுகிற நேரம் நெருங்குகிறது. புதியது கால் பங்கு, பழையது முக்கால் பங்கு என்று ஆரம்பித்து, அப்புறம் பாதிக்குப் பாதி, அப்புறம் முக்கால் என்று 7 முதல் 10 நாளில் முழுதாக மாற்றச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நடுவில் மலம் இளகினால் அந்த அளவிலேயே நிறுத்திவைத்து, கெட்டியான பிறகுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.